பேயாண்டியின் கையில் இருந்தது

பழங்காநத்தம் ரவுண்டானா பக்கத்து டீக்கடையில் ஜெயபாண்டி மூன்றாவது டீயை வாங்கியபோது ஒரு பெண் நேராக வந்து அவன் முன்னால் நின்றாள். முப்பது வயதுக்குள் இருக்கும். தோளில் துணிப்பை, கையில் நான்காக மடித்த செய்தித்தாள். மடிப்பு நெடுக தாள் கிழிந்திருந்தது. பல பேரிடம் பிரித்துக் காட்டிய தாள்.

"போட்டோக்காரர் ஜெயபாண்டி நீங்கதான?"

"ஆமா."

"எழுமலைப் பக்கம் எங்களுக்கு. எம்பேரு தாமரைச்செல்வி. இதுல இருக்கது எங்கப்பா, பேயாண்டி."

தாளைப் பெஞ்சில் விரித்தாள். பார்க்காமலேயே அவனுக்குத் தெரியும். மாவட்டப் பக்கம், நான்கு பத்தி அகலம். கண்மாய்க் கரையில் பின்கதவு திறந்த வேன், கதவில் கோழிக் கம்பெனியின் சேவல் படம், தண்ணீரில் மிதக்கும் செத்த கோழிகள், மூட்டையோடு ஒருவன். அவனுக்கு எதிரே, வேட்டியை மடித்துக் கட்டி வலது கையை உயர்த்தி நிற்கும் ஒரு விவசாயி. அடியில் 'படம்: ஜெயபாண்டி'. நான்கு நாளைக்கு முன்னால் வந்தது. அன்றைக்கு ஆபீசில் நல்ல படம் என்று சொன்னார்கள். அவனும் மறுக்கவில்லை.

"நேத்து அப்பாவப் பிடிச்சுட்டுப் போயிட்டாக சார். வேன் டிரைவர வெட்ட வந்தாருன்னு கேசு. என்ன ஆதாரம்னு கேட்டா இந்தப் படத்தக் காட்டுறாக. கையப் பாருங்க."

பார்த்தான். படம் வெளிவந்து நான்கு நாளில் அந்தக் கையை அவன் பார்ப்பது அதுதான் முதல் தடவை. உயர்த்திய முஷ்டிக்கு மேலே, வளைந்து, விளிம்பில் வெளிச்சம் பட்டு, ஓர் அரிவாள்.

"எங்கப்பா அருவாளே எடுத்துட்டுப் போகல. செத்த கோழியத் தண்ணியில இருந்து தூக்கி, இந்தா பாருங்கடான்னு காட்டிக்கிட்டு நின்னாரு. நீங்கதான அங்க நின்னு எடுத்தீக? பாத்தீகள்ல? அத வக்கீல்கிட்ட வந்து ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

ஜெயபாண்டி பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அவன் இதே கடையில் இதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"நம்பர் குடுத்துட்டுப் போம்மா. பாத்துட்டுச் சொல்றேன்."

அவள் நம்பரைச் சொன்னாள். கிளம்பும்போது, நிறுத்தியிருந்த அவன் பைக்கைப் பார்த்தாள். கண்ணாடியில் கறுப்பு ஹெல்மெட் தொங்கியது.

"படம் எடுத்தவரு சிவப்பு ஹெல்மெட்டுன்னு அம்மா சொன்னுச்சு," என்றாள்.

அவன் டீயைக் குடித்தான்.

"சரி, அது என்னமோ," என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.

மதுரைப் படக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் போக முடியாத இடத்துக்கு இன்னொருவன் போனால், எடுத்ததில் ஒன்றை மற்றவனுக்குத் தந்துவிடுவான். எந்தப் பத்திரிகையில் வருகிறதோ அந்தப் பத்திரிகைக்காரன் பெயர் கீழே வரும். இதை யாரும் திருட்டு என்று நினைப்பதில்லை. ஒரே ஆள் ஒரே காலையில் மேலூர் மறியலிலும் திருமங்கலம் விபத்திலும் நிற்க முடியாது. ஆபீசுக்கு அது புரியாது. படக்காரனுக்குப் படக்காரன்தான் துணை.

அந்தப் படத்தை எடுத்தவன் சோலை. வேறொரு பத்திரிகையில் சம்பளத்துக்கு இருப்பவன், ஜெயபாண்டிக்கு இருபது வருடச் சிநேகிதன். எழுமலையில் ஒரு கோயில் விசேஷத்தை எடுத்துவிட்டுத் திரும்பும்போது கண்மாய்க் கரையில் வேனைப் பார்த்து நின்றிருக்கிறான். அங்கிருந்தே வாட்ஸ்அப்பில் அனுப்பினான். கூடவே ஒரு வரி: 'நம்ம பேப்பர்ல வராது மாப்ள. வெள்ளிக்கிழமையானா மொதப் பக்கம் அவிங்க விளம்பரம். நீ போட்டுக்க.'

வந்து சேர்ந்தது சின்னப் படம். வாட்ஸ்அப் அதைக் கசக்கிப் பிழிந்திருந்தது. செய்தி ஆசிரியர் சாய்ராம் நான்கு பத்திக்குப் போடலாம், ஆறு மணிக்குள் பெரிதாக அனுப்புங்கள் என்றார். சோலைக்கு அடித்தான், பைக்கில் இருந்தவன் எடுக்கவில்லை. ஜெயபாண்டியின் போனில் படத்தைப் பெரிதாக்கித் தெளிவாக்கும் ஒரு செயலி இருந்தது. பொத்தானைத் தொட்டால் முப்பது வினாடி சுற்றும். சுற்றியது. சேவல் பளிச்சென்று வந்தது. கோழிகள் வந்தன. விவசாயியின் முகச் சுருக்கம்கூட வந்தது. போதும் என்று அனுப்பிவிட்டான்.

ஜனவரியில் ஆபீசில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். படங்களில் செயற்கை நுண்ணறிவு எதையும் பயன்படுத்த மாட்டேன், கேட்கும்போது கேமராவின் மூல ஃபைலைத் தருவேன் என்று எழுதிய தாள். ஊர் முழுக்கப் போலிப் படம் சுற்றுகிற காலம். அவர்களும் என்ன செய்வார்கள். வண்டி வாடகை ரசீதில் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற மாதிரி அதிலும் போட்டான். தெளிவாக்குவதை அவன் அந்த வகையில் சேர்க்கவேயில்லை. லென்ஸைச் சட்டை நுனியில் துடைப்பதில்லையா, அதுபோல என்று நினைத்திருந்தான்.

தாமரைச்செல்வி வந்துபோன அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சோலை அனுப்பிய சின்னப் படத்தைத் திறந்து, பேயாண்டியின் வலது கையை விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கினான். முஷ்டி ஒரு பழுப்புக் கறை. அதற்கு மேலே வெளுத்த கட்டங்கள். எண்ணினான். பதினைந்து இருக்கும். அதில் அரிவாளும் இல்லை, கோழியும் இல்லை. என்ன இருந்தது என்று செயலிக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல அதற்குத் தெரியாது. எதையாவது வைத்தாக வேண்டும், வைத்தது. அது பார்த்துப் பழகிய கோடிப் படங்களில், வேட்டியை மடித்துக் கட்டிக் கையை ஓங்கிய ஆள் கோழியைப் பிடித்திருப்பதில்லை.

மறுநாள் அழகர்கோவிலில் ஆடித் தேர். தேரடிக்கு எதிரே ஒரு மொட்டை மாடியில் படக்காரர்கள் வெயிலுக்குத் துண்டைப் போர்த்தி நின்றார்கள். ஜெயபாண்டி ஏறி வந்ததும் உள்ளூர்ச் சேனல் கேமராக்காரன் அழகுமலை ஆரம்பித்தான்.

"வாங்கண்ணே. இன்னும் அந்த அம்மிக்கல்லத்தான் தூக்கிட்டுத் திரியிறீகளா?"

ஜெயபாண்டியின் கேமராவுக்குப் பன்னிரண்டு வயது. பிடியின் ரப்பர் உரிந்து, பசை போட்டு ஒட்டியது. பேட்டரியைக் கழற்றினால் உள்ளே கடிகாரம் முதல் நாளுக்கே போய்விடும். ஒவ்வொரு காலையிலும் தேதியும் மணியும் வைக்க வேண்டும். அன்றைக்கும் வைத்துக்கொண்டிருந்தான்.

"பாருங்கடா, அண்ணே கேமராவுல இன்னைக்கும் ரெண்டாயிரத்துப் பதிமூணுதான்," என்றான் அழகுமலை. "கொரோனான்னு ஒன்னு வந்துட்டுப் போச்சுன்னு யாராச்சும் அதுகிட்டச் சொல்லுங்கடா."

"சொன்னா நீ ஏன் இன்னும் இருக்கன்னு கேக்கும்," என்றான் ஜெயபாண்டி.

சிரித்தார்கள். சோலையும் சிரித்தான். ஜெயபாண்டி அவனைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூட்டிப் போனான். சொல்ல ஆரம்பிக்கும்போதே சோலை தலையசைத்தான். விஷயம் அவன் காதுக்கும் வந்திருந்தது.

"படம் இருக்கா?"

"கார்டுல கெடக்கு."

சோலை தன் கேமராவின் திரையில் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனான். ஆபீஸ் வாங்கிக் கொடுத்த புது மிரர்லெஸ். கோயில் கலசங்கள், அன்னதான வரிசை, பிறகு கண்மாய். பேயாண்டியின் கையைப் பெரிதாக்கிக் காட்டினான். செத்த கோழி. ஒரு இறக்கையைப் பிடித்துத் தூக்கியிருந்தார். நனைந்த இன்னொரு இறக்கை விரிந்து வளைந்து, விளிம்பில் சாயங்கால வெயில் பட்டுப் பளபளத்தது. இறகு இறகாகத் தெரிந்தது. கொண்டை தெரிந்தது.

"இதக் குடு மாப்ள. அந்தாளு வெளிய வந்துருவான்."

"இதக் குடுத்தா நான் வெளிய வந்துருவேன்." சோலை திரையை அணைத்தான். "போன மாசம் இதுல என்னமோ புதுசா ஏத்துனாய்ங்க. இப்ப எடுக்குற ஒவ்வொரு படத்துலயும் கேமராவே முத்திர குத்திருது. எந்தக் கேமரா, யாரு பேருல இருக்கு, எந்த எடம், எந்த நேரம், அம்புட்டும் உள்ள. ஒரு புள்ளிய மாத்துனாலும் முத்திர ஒடஞ்சு போகும். கோர்ட்டுல இதத் தொறந்தா மொதல்ல படிக்கிறது எம்பேரத்தான்."

"அதான வேணும்?"

"உனக்கு வேணும். ஆபீஸ்ல கேப்பாய்ங்க, விளம்பரக் கம்பெனி படத்த எடுத்து அடுத்த பேப்பருக்கு எதுக்குடா குடுத்தன்னு. படம் எடுக்க இருக்குறதே நாலு பேரு. ரெண்டு பேர அனுப்பிட்டு ரிப்போர்ட்டர் கையில போனக் குடுக்கப் போறாய்ங்க. மொதல்ல யாருங்கறதுதான் பாக்கி. நானே போயி கழுத்தக் குடுக்கவா?"

"அந்தாளு உள்ள கெடக்கான் மாப்ள."

"நானா உள்ள போட்டேன்? நான் கோழியத்தான் அனுப்புனேன். அருவாள வச்சது நீ."

கீழே வடத்தைப் பிடித்தவர்கள் கூவினார்கள். தேர் அசைந்தது. சோலை கேமராவைத் தூக்கிக்கொண்டு விளிம்புக்கு ஓடினான். ஜெயபாண்டியும் போய் எடுத்தான். கை தன்பாட்டுக்கு எடுத்தது. அன்றைக்கு என்ன எடுத்தான் என்று பிறகு அவனுக்கு ஞாபகமில்லை. எல்லா வருடத்துத் தேரும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

இரண்டு நாள் சும்மா இருந்தான். சும்மா இருந்தால் போதும் என்பதுதான் அதில் மோசம். யாரும் கேட்கவில்லை. தாமரைச்செல்வி மட்டும் இரண்டு முறை போன் செய்தாள். முதல் முறை, ஜாமீன் மனுவை அரசு வக்கீல் எதிர்க்கிறார், படத்தைத்தான் காட்டுகிறார் என்றாள். இரண்டாவது முறை ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. "எங்கம்மா சாப்பிட மாட்டேங்குது, அதான் யாருகிட்டயாச்சும் பேசலாம்னு போட்டேன்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஆபீசுக்குப் போனான். சாய்ராம் தயிர்ச் சாதத்தை முடித்துவிட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருடம் அந்த நாற்காலியில் இருந்து, எது வந்தாலும் அதிர்ச்சி அடையாத முகம். ஜெயபாண்டி நின்றபடியே சொல்லி முடித்தான்.

சாய்ராம் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இத ஏன் எங்கிட்ட சொல்றீங்க ஜெயபாண்டி? நான் கேக்கவே இல்லையே."

"கோர்ட்டுல அந்தப் படத்த வச்சிருக்காக சார். படம் மாறிப் போயிருக்குன்னு நாமதான் சொல்லணும்."

"சொன்னா உங்கள வச்சிருக்க முடியாது. தெரியுமில்லையா?"

"தெரியும் சார்."

"யார் எடுத்தது?"

"அது வேண்டாம் சார்."

சாய்ராம் கண்ணாடியைக் கழற்றினார். "யோசிச்சுப் பேசுங்க. எடுத்தவர் வந்து ஒரிஜினலக் குடுத்தா, வேன் நெஜம், கொட்டினது நெஜம், கோழி நெஜம்னு ஆகும். நீங்க மட்டும் சொன்னா, படம் பொய்னு மட்டும்தான் ஆகும். அந்த மனுஷன் வெளில வருவார். கூடவே கம்பெனியும் வெளில வரும். புரியறதா?"

"புரியுது சார்."

"புரிஞ்சுமா?"

புரிந்தும்தான். பேயாண்டியை உள்ளே தள்ளியது அவனுடைய முப்பது வினாடி. சோலையின் படம் யாரையும் தள்ளவில்லை. தன் பங்கை மட்டும்தான் அவனால் தூக்க முடியும். அடுத்தவனைச் சொல்லிக்கொடுத்துத் தூக்க வைத்தால் அதற்குப் பெயர் வேறு. இதையெல்லாம் சாய்ராமிடம் சொல்லவில்லை. ஒரு வெள்ளைத் தாள் கேட்டான். படம் நான் எடுத்ததல்ல, எடுத்தவர் பெயரைச் சொல்ல விரும்பவில்லை, பெரிதாக்கும்போது செயலி கையில் இல்லாததை வைத்துவிட்டது, நான் கவனிக்கவில்லை. ஆறு வரிதான் வந்தது. அதன் நகலோடு உசிலம்பட்டி போய் வக்கீலிடம் இன்னொரு முறை எழுதிக் கொடுத்தான். வக்கீல் படித்துவிட்டு, "உங்களுக்கு வீட்டுல யாரும் சொல்றவங்க இல்லையா?" என்று கேட்டார். கையெழுத்தை வாங்கிக்கொண்டுதான் கேட்டார்.

ஐந்தாம் பக்கத்தில் கீழ் மூலையில் திருத்தம் வந்தது. படம் தொழில்நுட்பத்தால் மாற்றமடைந்தது, வருந்துகிறோம், அனுப்பியவர் இனி இந்த இதழுக்குப் பணியாற்ற மாட்டார். பேயாண்டிக்கு ஜாமீன் கிடைத்தது. தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். அதே வாரம் கோழிக் கம்பெனி அந்தத் திருத்தத்தைப் பெரிதாக்கி, சிவப்பு வட்டம் போட்டு எல்லா வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பியது. 'பத்திரிகையே ஒப்புக்கொண்டது: படம் பொய்.' பெரிதாக்கியும் அதில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

படக்காரர்கள் குழுவிலிருந்து ஜெயபாண்டியை யாரோ நீக்கினார்கள். யார் என்று அவன் பார்க்கவில்லை. சோலை பேசவில்லை. பேசியிருந்தால்தான் கஷ்டம்.

பழங்காநத்தத்தில் ஒரு ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படம் எடுக்கப் போனான். வருகிறவர்களில் பாதிப் பேர் முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கித் தரச் சொன்னார்கள். முதலாளி ஒரு பொத்தானைத் தட்டி ஆக்கிக் கொடுத்தார். ஜெயபாண்டி வெளிச்சத்தை மட்டும் பார்த்துக்கொண்டான்.

புரட்டாசி பிறந்த வாரம் தாமரைச்செல்வி கூப்பிட்டாள். இந்த முறை சார் என்று சொல்லவில்லை.

"அண்ணே, திரும்பக் கொட்டுறாய்ங்க. முந்தி ஆளு இல்லாத நேரம் பாத்து ஒளிஞ்சு ஒளிஞ்சு வருவாய்ங்க. இப்ப ஊரே பாக்க வாராய்ங்க. கேட்டா, போயி பேப்பர்ல போடு போன்னு சிரிக்கிறாய்ங்க."

அவன் போனோடு ஸ்டூடியோ வாசலுக்கு வந்தான்.

"நீங்க வந்து எடுப்பீகளா? இந்தத் தடவ நீங்களே?"

அந்த 'நீங்களே'வை அவள் அழுத்திச் சொல்லவில்லை. அழுத்தியிருந்தால் பரவாயில்லை.

"எந்தப் பேப்பர்லயும் வராதும்மா. என் படத்த இனி எவனும் வாங்க மாட்டான்."

"பேப்பர் வேணாம்ணே. பேப்பர்ல வந்துதான எங்கப்பா உள்ள போனாரு. பசுமைத் தீர்ப்பாயத்துல போடலாம்னு வக்கீலு சொல்றாரு. அதுக்குப் படம் வேணுமாம். நாங்க போன்ல எடுத்தத அனுப்புனோம், ஏற்கெனவே ஒரு தடவ பொய்னு ஆயிருச்சே, கேசுல மாட்டுன நீங்க எடுத்தா எடுபடாது, வெளியாளு எடுத்து, எடுத்த ஆளே வந்து நின்னு சொல்லணும்னு சொல்லிட்டாரு."

"நான் சொன்னா நம்புவாகளா?"

"பொய்யின்னு நீங்க சொன்னத நம்புனாக. நெசம்னு சொன்னா நம்ப மாட்டாகளா?"

செவ்வாய்க்கிழமை வாரேன் என்றான்.

செவ்வாய் மத்தியானமே ஸ்டூடியோவில் சொல்லிவிட்டுக் கிளம்பினான். உசிலம்பட்டி தாண்டியதும் காற்று அனலாக அடித்தது. எழுமலைக்கு வெளியே கண்மாய்க் கரையில் தாமரைச்செல்வி நின்றாள். பக்கத்தில் அவள் அப்பா. பேயாண்டியை அவன் நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. படத்தில் பார்த்ததைவிடக் குள்ளம். அவர் ஜெயபாண்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதானா?"

"நாந்தாண்ணே."

"எனக்கு அருவா குடுத்தவன்." பேயாண்டி துண்டால் கழுத்தைத் துடைத்தார். "குடுத்ததுதான் குடுத்த, ஒரு நல்ல அருவாளாக் குடுத்துருக்கக் கூடாதாப்பா? ஸ்டேசன்ல அந்தப் படத்தக் காட்டி, இது எந்தப் பட்டறையில அடிச்சதுன்னு ரெண்டு மணி நேரம் கேட்டாய்ங்க. நான் என்னத்தச் சொல்ல?"

தாமரைச்செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேயாண்டி சிரிக்கவில்லை. ஜெயபாண்டியும் சிரிக்கவில்லை.

கருவேல மரத்தடியில் உட்கார்ந்தார்கள். தண்ணீர் நாற்றம் காற்றுத் திரும்பும்போதெல்லாம் வந்தது. அவன் பேட்டரியைப் போட்டான். திரையில் 2013 ஜனவரி ஒன்று மின்னியது.

"மணி என்னம்மா?"

"அஞ்சே கால்."

தேதியையும் மணியையும் வைத்தான். இந்த நேரத்தை யார் வைத்தது என்று கேட்பார்கள். நான்தான் என்று சொல்ல வேண்டும். இந்தக் கேமராவில் முத்திரை எதுவும் கிடையாது. வந்து நிற்கிற ஆள்தான் முத்திரை.

"அண்ணே, ஒன்னு சொல்றேன்," என்றான் பேயாண்டியிடம். "வேன் வந்தா போயி நில்லுங்க. ஆனா கையில ஒன்னும் வச்சுக்காதீக. கோழியக்கூடத் தொட வேணாம்."

"துண்டு?"

"அதையும் மகள்கிட்டக் குடுத்துருங்க."

ஆறு மணிக்கு முன்னால் வேன் வந்தது. அதே சேவல். இறங்கியவர்கள் அவசரப்படவில்லை. பின்கதவைத் திறந்து மூட்டையை அவிழ்த்தார்கள். பேயாண்டி சரிவில் இறங்கிப் போய், பத்தடி தள்ளி நின்றார். என்ன செய்வது என்று தெரியாதவர்போல இரண்டு உள்ளங்கையையும் விரித்து முன்னால் நீட்டினார். வேன்காரன் ஏதோ சொல்லிச் சிரித்தான். ஜெயபாண்டி எழுந்து வெளிச்சத்துக்கு வந்தான். மறைந்து நின்று எடுக்கவில்லை. அவர்கள் பார்க்கப் பார்க்க எடுத்தான். பன்னிரண்டு, பதின்மூன்று படம். நம்பர் பிளேட் ஒன்று. தண்ணீரில் விழும் மூட்டை ஒன்று. ஒருவன் கல்லைப் பொறுக்கினான். எறியவில்லை. வேன் பின்கதவு ஆட ஆடக் கிளம்பிப் போனது.

ஜெயபாண்டி கரையில் உட்கார்ந்து திரையைப் பார்த்தான். வெளிச்சம் பற்றாமல் படம் முழுக்கப் பொரி பொரியாக இருந்தது. அழகாக இல்லை. எந்த ஆபீசாக இருந்தாலும் திருப்பி அனுப்பியிருக்கும். வேனைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் கையைப் பெரிதாக்கினான். இடது கை, ஐந்து விரல். வலது கை, ஐந்து விரல். நடுவில் ஒன்றுமில்லை.

கார்டைக் கழற்றித் தாமரைச்செல்வியிடம் நீட்டினான்.

"யாருக்கும் வாட்ஸ்அப்ல அனுப்பாதம்மா. காப்பி எடுக்கவும் குடுக்காத. இதையே கொண்டுபோயி வக்கீல் கையில குடு. நான் வந்து சொல்றேன், எந்தத் தேதின்னாலும்."

அவள் அதை முந்தானை நுனியில் முடிந்தாள். பேயாண்டி துண்டைத் திரும்ப வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, நாளைக்கும் பத்து மணிக்குக் கையெழுத்துப் போடப் போக வேண்டும், பஸ் ஒழுங்காக வருவதில்லை என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தார்.